தொழுகைக்கு நின்ற கோச்சி

ஓடத் தொடங்கிவிட்ட ரயிலின் யன்னலிலிருந்து நான் கடைசியாகக் கண்டது வாப்பாவின் உள்ளங்கால்களை.

மாஹோ தாண்டி, பெயர்ப்பலகையின் எழுத்தை வெயில் தின்றுவிட்ட ஒரு சின்னப் புகையிரத நிலையம். மேடையின் பின்பக்கக் கடைசியில், வேப்ப மர நிழலில் தொழுகைப் பாயான முசல்லாவை விரித்து வாப்பா சுஜூதில் இருந்தார். நெற்றி நிலத்தில், பாதங்கள் என் பக்கம். எங்கள் ரயிலோ கொழும்புப் பக்கமாக மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"வாப்பா!" என்று கத்தினேன்.

தொழுகையில் நிற்பவர் திரும்ப மாட்டார். அதுவும் என் வாப்பா, பக்கத்துச் சுவர் இடிந்து விழுந்தாலும் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகுதான் என்ன சத்தம் என்று கேட்பார்.

வேப்ப மரம் வந்து அவரை மறைத்தது.

அடுத்த நாள் காலை கொழும்பில் எனக்குப் பட்டமளிப்பு. எங்கள் குடும்பத்தில் பாடசாலையை ஒழுங்காக முடித்த முதல் ஆளே நான்தான். அந்த மண்டபத்தில் வாப்பாவை ஒரு கதிரையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று மாதக் கணக்காகத் திட்டம் போட்டிருந்தேன். அந்தத் திட்டம் இப்போது ஒரு முசல்லாவின் மேல் குனிந்திருந்தது. நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.

இது எப்படி நடந்தது என்பதற்கு, நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மீன்காரரின் ஹோர்ன்

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிப்பவர்களுக்கு வாப்பாவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். சாய்ந்தமருதுக் கடற்கரையில் விடிய மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டி கட்டி, வயல் பக்கமாகச் சொறிக்கல்முனை வரை போய் விற்கிறவர் அவர். அவருடைய ஹோர்ன் கேட்டால்தான் அங்கே சில வீடுகளில் புளி கரைப்பார்கள்.

அவருக்கு ஒரேயொரு கொள்கை. தன்னால் ஒருத்தருக்கும் நேரம் மினக்கெடக் கூடாது. மீன் வெட்டிக் கொடுக்கும்போது இரண்டு பேர் நின்றால் கூட, "பொறுங்க புள்ள, இந்தா முடிஞ்சிது" என்று மூன்று தரம் சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதருக்குச் சீனி வருத்தம் வந்தது. சீனி வந்தவருக்கு மூத்திரம் அடிக்கடி வரும். இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது. சீனி இல்லாத ஆள் இந்த ஊரில ஆர் இரிக்கா?" என்றார். எனவே எழுதுகிறேன்.

சொந்தக்கார வீட்டு பஸ்

எங்கள் கரையோரத்தில் தண்டவாளம் கிடையாது. நாங்கள் கோச்சி என்கிற ரயிலின் பாதை மட்டக்களப்போடு நின்றுவிடும். கல்முனை, சாய்ந்தமருது, பாலமுனை என்று எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் கொழும்பு என்றால் பஸ்தான்.

அந்த பஸ்ஸைப் பற்றி வெளியூர் ஆட்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். புறப்படும் முன் கண்டக்டர் கோல் எடுப்பார். அண்ணனைக் காக்கா என்பது எங்கள் ஊர் வழக்கம்.

"எங்க காக்கா நிக்கிறீங்க?"

"இந்தா, சோத்தில கை வச்சிட்டன்."

"ஆறுதலாத் தின்னுங்க. ஒழுங்கை முனைக்கு வாறம்."

வரும். நிற்கும். உங்கள் தயிர்முட்டியையும் கருவாட்டுப் பார்சலையும் கண்டக்டரே தூக்கி வைப்பார். பாதி வழியில் விடியல் தொழுகையான சுபஹ் நேரமானால் ஏதாவது ஒரு பள்ளிவாசல் முன்னால் பஸ் நிற்கும். யாரும் எதையும் அறிவிப்பதில்லை. எல்லாரும் இறங்குவார்கள், கை கால் முகம் கழுவி வுழூச் செய்வார்கள், தொழுவார்கள், ஒரு பிளேன்ரி குடித்துவிட்டு ஏறுவார்கள். டிரைவரும் அதே வரிசையில்தான் நின்று தொழுவார்.

வாப்பாவைப் பொறுத்தவரை தூரப் பயணம் என்றால் அதுதான். தொழுகை நேரம் வந்தால் வாகனம் நிற்கும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த பஸ்ஸில் ஒரு குறை. கக்கூஸ் இல்லை.

கொழும்பில் என்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதற்கு வாப்பாதான் கூட வந்தார். கண்டி வழியாகப் போகும் மலைப் பாதையில் வளைவுகள் தொடங்கும்போது அவர் கால்களை மாற்றி மாற்றி வைத்தார். பிறகு எழுந்து போய் கண்டக்டரின் காதில் மெல்லச் சொன்னார். கண்டக்டர் நல்ல பொடியன்தான். குரல்தான் பஸ்ஸின் ஹோர்னை விடப் பெரிது.

"டிரைவர் நானா, ஓரமா உடுங்க! இஞ்ச ஒராளுக்குச் சீனி!"

அத்தனை தலைகளும் திரும்பின. வாப்பா இறங்கிப் போய்ப் புதர்ப் பற்றைக்கு முன்னால் நின்றார். டிரைவர் என்ஜினை உறுமவிட்டபடி காத்திருந்தார். பஸ் நிறைய ஆட்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கு வரும்? வாப்பாவுக்கும் வரவில்லை. திரும்பி வந்து ஏறிவிட்டார். இரண்டு வளைவு தாண்டியதும் மறுபடியும் கண்டக்டரிடம் போக வேண்டியதாயிற்று. அந்த முறை பின் சீற்றில் யாரோ சிரித்தார்கள்.

வந்து உட்கார்ந்தவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கொழும்பு எனக்குச் சரிவராது மனே."

அதற்குப் பிறகு அவர் கொழும்புக்குப் போகவில்லை. சொந்தத் தம்பியின் மகன் கலியாணத்துக்குப் போகவில்லை. தன் சொந்தக் காக்கா ஹஜ்ஜுக்குப் போகும்போது விமான நிலையத்துக்குப் போகவில்லை. கேட்டால், "மீன் ஆரு விக்கிற?" என்பார்.

பட்டமளிப்புக்குப் பெற்றோர் இரண்டு பேர் வரலாம் என்று தெரிந்ததும் உம்மா அன்றைக்கே புது அபாயாவுக்குத் துணி பார்க்கத் தொடங்கினா. வாப்பா மட்டும், "நீங்க போயிட்டு வாங்க. நான் இஞ்ச இரிந்து துவாச் செய்யிறன்" என்றார். பிறகு முற்றத்தில் இறங்கி, கழுவிய ஐஸ் பெட்டியை மறுபடியும் கழுவினார்.

ஸ்டேஷன் இல்லாத ஸ்டேஷன் ஹோட்டல்

தேர்தல் வரும்போதெல்லாம் எங்கள் ஊருக்கு ரயிலும் வரும். தேர்தல் முடிந்ததும் போய்விடும். இவ்வளவு நேரந்தவறாத ரயில் சேவை நாட்டில் வேறெங்கும் இல்லை.

ஒரு முறை மெய்யாகவே ஆட்கள் வந்து அளந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக மஞ்சள் முளை அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு முளை ஹனீபா காக்காவின் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் விழுந்தது. அந்தக் கிழமையே அவர் கடைக்கு 'ஸ்டேஷன் ஹோட்டல்' என்று போர்ட் எழுதிவிட்டார். தண்டவாளம் வரவில்லை. முளையில் இப்போது ஆடு கட்டுகிறார்கள். போர்ட் மட்டும் அப்படியே இருக்கிறது. வெளியூர் ஆட்கள் யாராவது முச்சக்கர வண்டியில் வந்து இறங்கி ஸ்டேஷன் எங்கே என்று கேட்டால், "வரும். அதுவரைக்கும் ஒரு ரீ குடிங்க" என்பார்.

அந்தக் கடையின் ரீவீயில்தான் ஒரு நாள் புதிய ரயில்களைப் பற்றிச் செய்தி ஓடியது. புதிய என்ஜின்கள், புதிய பெட்டிகள், வெளிநாட்டுப் பணம், முதலீடு. கடையே நிமிர்ந்தது.

"கப்பல்ல வருதாம்."

"எங்க வருது?"

"கொழும்புக்கு."

"நமக்கு?"

"நமக்கு நியூஸ் வருதுதானே!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் போக்குவரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். எழுதியவனுக்கு வரும் நோய் எனக்கும் வந்திருந்தது. எழுந்து நின்று, தூரப் பயண ரயிலில் போடும் பணம் ஆடம்பரம் அல்ல, நோயாளிகளும் கைக்குழந்தைக்காரிகளும் தலைநகரைக் காண்பதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பெட்டிகள்தான் என்று விளக்கத் தொடங்கினேன். இன்றைக்கும் அதில் ஒரு எழுத்தைக் கூட மாற்ற மாட்டேன். ஆனால் பாதியிலேயே ஹனீபா காக்கா, "தம்பி, ரீ ஆறுது" என்றார்.

உட்காரும்போதுதான் என் மண்டையில் உறைத்தது. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகும் ரயிலிலும் புதிய பெட்டிகள் பூட்டியிருப்பதாக நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். நான் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தது என் வீட்டு விஷயத்தை.

வீட்டுக்கு ஓடினேன். வாப்பா வலைத் துண்டொன்றால் கோழிக்கூட்டை மூடிக்கொண்டிருந்தார்.

"வாப்பா, கோச்சில கக்கூஸ் இரிக்கு."

அவர் கை நின்றது.

"ஓடுற நேரமும் போகலாமா?"

"ஓம்."

"ஆரிட்டயும் கேக்கத் தேவல்லையா?"

"தேவல்ல. நீங்களா எழும்பிப் போய், நீங்களா வரலாம்."

வலையைக் கீழே போட்டார். பிறகு உம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "இஞ்ச, என்ட வெள்ளச் சேட்ட எடுத்து வை."

கோச்சிக்காரன்ட நம்பர்

ரயில் விடியலில் புறப்படும். அதற்கு முன் நாங்கள் மட்டக்களப்பில் நிற்க வேண்டும். வான் ஒன்றைப் பிடித்து வாசலில் வைத்தாயிற்று. உம்மா இடியப்பத்தையும் சூரைமீன் பொரியலையும் ஒரு பட்டாளத்துக்குப் போதுமான அளவு கட்டிக்கொண்டிருந்தா. அக்கா முறையான பக்கத்து வீட்டு ராத்தா கொழும்பிலுள்ள தன் மருமகனுக்கென்று தயிர்முட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தா. இன்னொருத்தர் அங்கே கொடுக்கச் சொல்லி மருதமுனைக் கைத்தறிச் சாரம் இரண்டு தந்தார்.

"உம்மா, கோச்சி போயிடும்!" என்றேன்.

"ஏன்டா கத்துற?" என்றார் வாப்பா. "கோச்சிக்காரனுக்கு ஒரு கோல் போடு. வந்துட்டு இரிக்கம் எண்டு சொல்லு."

"கோச்சிக்கெல்லாம் கோல் போட ஏலாது வாப்பா."

"ஏன், அவனுக்கிட்ட போன் இல்லையா?"

"நம்பர் ஆரிட்டயும் இல்ல."

வாப்பாவுக்கு அது மெய்யாகவே விளங்கவில்லை. கல்லடிப் பாலத்தைத் தாண்டும் வரை யோசித்துக்கொண்டே வந்தார். "அவ்வளவு பெரிய கோச்சிக்கு ஒரு நம்பர் இல்லையா?" என்று கடைசியில் வான் டிரைவரிடமும் கேட்டுப் பார்த்தார்.

ஓடித்தான் ஏறினோம். தயிர்முட்டி தப்பியது.

தண்ணி வருது

எங்களுக்கு எதிரே மட்டக்களப்புப் பக்கத்து சரோஜா அக்கா உட்கார்ந்திருந்தா. கொழும்பில் மகளைப் பார்க்கப் போகிறாவாம். ஏறாவூர் வருவதற்குள் அவவும் உம்மாவும் இரண்டு வீட்டுக் கதையையும் கதைத்து முடித்துவிட்டார்கள். வாழைச்சேனையில் இடியப்பப் பார்சல் அவிழ்ந்தது.

வாப்பா அதற்குள் கக்கூஸுக்குப் போய் வந்துவிட்டார். வந்தவரின் முகம் பெருநாள் முகம்.

"தண்ணி வருது," என்றார்.

வெலிக்கந்தையில் மறுபடியும் போனார். "கண்ணாடி வேற இரிக்கு." மன்னம்பிட்டிப் பாலம் தாண்டியதும் இன்னொரு தரம். இந்த முறை தேவை இருந்து போனாரா, சும்மா போனாரா என்று எனக்குச் சந்தேகம்.

"காக்கா, அதுக்குள்ளயே ஒரு சீற் போடச் சொல்லுவமா?" என்றா சரோஜா அக்கா.

"போட்டா நல்லந்தான்," என்று வாப்பா சிரித்தார். அந்த மலைப் பாதையில் தலை குனிந்து ஏறிய மனிதரா இவர் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எங்கள் சீற்றுக்கு மேலே இருந்த சிவப்புக் கைப்பிடி அவர் கண்ணில் பட்டது.

"இதென்ன மனே?"

"ஆபத்தெண்டா இழுக்கிற. இழுத்தா கோச்சி நிண்டுரும். சும்மா இழுத்தா தண்டம்."

"முழுக் கோச்சியும் நிக்குமா?"

"ஓம்."

"ஆருக்கெண்டாலும்?"

"ஆருக்கெண்டாலும்."

அவர் அதையே அண்ணாந்து பார்த்தார். "அவ்வளவு சனத்தையும் மினக்கெடுத்தி, ஆரு இழுப்பான்?" என்றார்.

பொலன்னறுவையில் சிங்கள ஆட்கள் நிறையப் பேர் ஏறினார்கள். காட்டுப் பகுதியில் யானைகளுக்காக ரயில் மெல்லப் போனது. மாஹோ தாண்டியபோது நடுப்பகல். நான் தேத்தண்ணி வாங்கச் சிற்றுண்டிப் பெட்டிக்குப் போனேன். அங்கே நீண்ட வரிசை. நிற்கும்போதே ரயில் ஒரு சின்ன நிலையத்தில் நின்றது.

அந்தப் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் ரயில் தாண்டிப் போகும் வரை எங்கள் ரயில் இப்படிச் சின்ன நிலையங்களில் ஒதுங்கி நிற்க வேண்டும். அது எனக்குத் தெரியும். வாப்பாவுக்குத் தெரியாது. வாப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம், கையில் மணிக்கூடு நடுப்பகல் தொழுகையான ளுஹரின் நேரம் காட்டுகிறது, வாகனம் நிற்கிறது, மேடையில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது.

மும்மொழி அறிவித்தல்

மூன்று கோப்பையோடு திரும்பி வந்தேன். வாப்பாவின் இடம் காலி.

"மறுகாவும் கக்கூஸா?"

"இல்ல," என்றா உம்மா. "தொழப் போயிட்டாரு."

"எங்க?"

"கீழ. கோச்சி தொழுகைக்கு நிப்பாட்டியிரிக்காம். 'பாத்தயா, சரியா பாங்கு நேரத்துக்கு நிப்பாட்டிட்டான், நல்ல மனுசன்' எண்டு சொல்லிட்டு இறங்கினாரு."

அந்த நேரம் எதிர் ரயில் மற்றப் பக்கமாகத் தடதடவென்று தாண்டிப் போனது. எங்கள் ரயில் ஒரு குலுக்கு குலுக்கியது. நான் மேடைப் பக்க யன்னலுக்குப் பாய்ந்தேன். மற்றதுதான் உங்களுக்குத் தெரியுமே: முசல்லா, உள்ளங்கால்கள், வேப்ப மரம்.

"வாப்பாவ உட்டுட்டுப் போறான்!" என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளைக் குரல் மாதிரிக் கேட்டது.

சரோஜா அக்கா கையை நீட்டினா. "தம்பி, அந்தா, சிவப்பு!"

கைப்பிடிக்குக் கீழே நின்றேன். பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு அறிவித்தல். தக்க காரணமின்றி இழுப்போர் தண்டிக்கப்படுவர் என்று போட்டிருந்தது. தக்க காரணம் என்றால் என்ன? ஒருவர் ரயில் தனக்காக நிற்கிறது என்று நினைத்து இறங்கியது தக்க காரணமா? தமிழில் வாசித்தேன். தெளிவாக இல்லை. ஆங்கிலத்தில் இன்னும் ஏதாவது விளக்கமாகப் போட்டிருப்பார்களோ என்று அதையும் வாசிக்கத் தொடங்கினேன்.

உம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் வாசிப்பதைப் பார்த்தால் மற்ற நாட்களில் அவவின் முகம் மலரும். அன்றைக்கு அவ என் முதுகில் ஒன்று போட்டா.

"வாசிக்காதடா! இழு!"

இழுத்தேன்.

பெட்டிக்கு அடியில் ஏதோ பெருமூச்சு விட்டது. சில்லுகள் கீச்சிட்டன. தயிர்முட்டி சீற்றுக்குக் கீழிருந்து உருண்டு வந்து சரோஜா அக்காவின் காலில் முட்டி நின்றது. ரயிலும் நின்றது, முழு ரயிலும்.

யன்னல்களில் தலைகள் முளைத்தன. "அலியெக்த?" என்று ஒரு குரல் கேட்டது. யானையா என்று. "அலியெக் லு," என்று அடுத்த பெட்டி உறுதி செய்தது. கொஞ்ச நேரத்தில் அந்த யானைக்குத் தந்தமும் வந்துவிட்டது.

பின்னால் வந்த யானை

தண்டவாளத்தின் ஓரமாகக் கடைசிப் பெட்டிப் பக்கமிருந்து ரயில் கார்ட் நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார். தோளில் மடித்த முசல்லா, கையில் செருப்பு, தலையில் தொப்பி.

வாப்பா.

நடந்தது இதுதான். பயணத்தில் சுருக்கித் தொழலாம் என்பதால் வாப்பா சுருக்கமாக முடித்து, ஸலாம் கொடுத்துத் திரும்பியிருக்கிறார். ரயில் தன்னைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. கடைசிப் பெட்டியின் வாசலில் பச்சைக் கொடியோடு கார்ட் நிற்கிறார். எழும்பி நாலு எட்டு ஓடியிருக்கிறார். கார்ட் கையை நீட்டி, முசல்லாவோடு சேர்த்து ஆளை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டார். நான் தமிழில் முடித்து ஆங்கிலத்துக்குப் போகும்போது வாப்பா கார்டின் கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கார்ட் எங்கள் பெட்டியில் ஏறினார். தலை நரைத்த சிங்கள மனிதர். கோபமாகத்தான் வந்தார்.

"யாரு இழுத்தது?"

"நான்," என்றேன்.

"ஏன்?"

வாப்பாவைக் கை காட்டினேன்.

சரோஜா அக்கா எழும்பி, சிங்களமும் தமிழுமாகப் பிரித்துப் போட்டா. நாளைக்கு இந்தப் பிள்ளைக்குப் பட்டம் கொடுக்கிறார்கள், அதைப் பார்க்கத்தான் இந்த மனிதர் எத்தனையோ வருசத்துக்குப் பிறகு கொழும்புக்கு வருகிறார், அவரை மேடையில் விட்டுவிட்டுப் போனால் பிள்ளை என்ன செய்வான்? முடிவில், "நீங்க எண்டா என்ன செய்வீங்க மாத்தயா?" என்று ஒரு கேள்வியையும் போட்டா.

கார்ட் என்னைப் பார்த்தார். வாப்பாவைப் பார்த்தார். கைப்பிடியைப் பழையபடி தள்ளிவிட்டார்.

"படிச்ச ஆள்," என்றார் தன் தமிழில். "முதல்ல பின்னால பாக்க வேணும். அதுக்குப் பிறகு இழுக்க வேணும்."

பெட்டி முழுக்கச் சிரித்தது. பக்கத்துப் பெட்டி ஆட்களும் வாசலில் வந்து நின்று, யானையைக் காணாமல், வாப்பாவைப் பார்த்தார்கள்.

மறுபடியும் அதே காட்சி. நிற்கும் வாகனம், திரும்பிய தலைகள், சிரிப்பு, நடுவில் வாப்பா. உம்மாவும் அதைத்தான் நினைத்தா என்பது அவவின் முகத்தில் தெரிந்தது.

வாப்பா வந்து உட்கார்ந்தார். ரயில் மறுபடியும் ஓடியது. நான் தேத்தண்ணியை நீட்டினேன். வாங்கவில்லை. வெளியே தென்னந்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

குருநாகல் வந்தது. ரயில் நின்றது. வாப்பா எழும்பித் தன் சின்ன பேக்கை எடுத்துத் தோளில் போட்டார்.

இங்கே இறங்கி, கிழக்குப் பக்கமாகப் போகும் ஏதாவது ஒன்றைப் பிடித்து ஊருக்குப் போகப் போகிறார். கொழும்பு சரிவராது என்று சொல்லப் போகிறார். நான் எழும்பினேன். உம்மா அவரின் கையைப் பிடித்தா.

"எங்க போறீங்க?"

"கக்கூஸுக்கு," என்றார் வாப்பா. "துவாய் பேக்குக்குள்ள இரிக்கு. முகம் கழுவணும்."

வந்து உட்கார்ந்தபோது முகம் ஈரமாக, தெளிவாக இருந்தது.

"தண்ணி வருதா காக்கா?" என்றா சரோஜா அக்கா.

"வருது." பிறகு என்னிடம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மனே, மெய்தானா? எனக்காகத்தான் கோச்சி நிண்டயா?"

"ஓம் வாப்பா."

"முழுக் கோச்சியும்?"

"ஓம்."

"அந்த பஸ் என்னய இறக்குறத்துக்கு நிண்ட," என்றார். "இது ஏத்துறத்துக்கு நிண்டிரிக்கு." ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். "ஆனா பின்னேரத் தொழுக அஸரயும் சேத்துத் தொழலாம் எண்டு இரிந்தன். அதுக்கு அந்த கார்ட் உடல்ல."

"மத்த ஆக்கள் ஒருத்தரும் தொழுறத்துக்கு இறங்கல்லையே, அதப் பாக்கல்லையா?" என்று கேட்டேன்.

"பாத்தன். இந்தக் கோச்சில தொழுறவங்க குறைவு எண்டு நினைச்சன்."

அந்த மண்டபம்

பட்டமளிப்பைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கறுப்பு அங்கி சுட்டது. தொப்பி பெரிதாக இருந்தது. என் பெயரைச் சற்றுப் பிழையாகத்தான் வாசித்தார்கள். மேடையிலிருந்து பார்த்தபோது அவ்வளவு தலைகளுக்கு நடுவில் வெள்ளைச் சேட்டொன்று எழுந்து நின்றது தெரிந்தது. பக்கத்து ஆள் உட்காரச் சொல்லிச் சேட்டைப் பிடித்து இழுப்பதும் தெரிந்தது.

அன்று முழுக்க வாப்பா ஒரு துளி தண்ணீர் குடிக்கவில்லை என்று உம்மா பிறகு சொன்னா. என் பெயர் வரும் நேரம் எழும்பிப் போக வேண்டி வந்துவிடும் என்று பயந்தாராம். அந்த மண்டபத்தில் சிவப்புக் கைப்பிடி இல்லையே.

ஊருக்கும் ரயிலில்தான் திரும்பினோம். அந்தப் பயணத்தில் வாப்பா எந்த நிலையத்திலும் இறங்கவில்லை. சீற்றில் இருந்தபடியே தொழுதார். ஆனால் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் எட்டிப் பார்த்து, "இது ஆருக்காக நிண்டிரிக்கான்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

வளரும் ரயில்

ஸ்டேஷன் ஹோட்டலில் எல்லாரும் பட்டமளிப்பைப் பற்றித்தான் கேட்டார்கள்.

"அது நல்லா நடந்த," என்றார் வாப்பா. "அத உடு. கோச்சி நிண்ட கதையச் சொல்றன்."

சொன்னார். மறுநாளும் சொன்னார். சொறிக்கல்முனையில் மீன் வாங்குபவர்களுக்கும் சொல்கிறார். இப்போது அங்கே புளி கரைத்து வைத்துவிட்டு மீனுக்கல்ல, கதைக்குக் காத்திருக்கிறார்கள். யாரும் மினக்கெடக் கூடாது என்ற கொள்கை இந்தக் கதைக்கு மட்டும் பொருந்தாது போலிருக்கிறது.

ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் ரயிலுக்கு ஒரு பெட்டி கூடுகிறது. கார்ட் ஒரு தரம் இரண்டு பேரானார். போன கிழமை கேட்டபோது, எதிரே வந்த ரயிலும் சேர்ந்து நின்றிருந்தது. இந்த வேகத்தில் போனால், நாட்டுக்குப் புதிய ரயில் வாங்க வெளிநாட்டுப் பணம் தேவையில்லை. இருக்கிற ரயிலை வாப்பாவிடம் கொஞ்ச நாள் கொடுத்து வைத்தால் போதும்.

நேற்று கடையை விட்டு வரும்போது மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பாமல் நின்றார்.

"மனே, நீ எடுத்த பட்டத்துக்கு மேல இன்னொண்டு இரிக்காமே? ஹனீபா சொல்றான்."

"ஓம் வாப்பா. முதுகலைமாணி."

"அதுக்கும் கொழும்புக்குத்தான் போகணுமா?"

"ஓம்."

"கோச்சிலதானே?"

"கோச்சிலதான்."

தலையை ஆட்டிவிட்டு ஹோர்னை ஒரு தரம் அடித்துப் பார்த்தார். வீதியில் யாருமே இல்லை. ஆடு மட்டும் மஞ்சள் முளையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது.

இன்று காலை விண்ணப்பம் அனுப்பிவிட்டேன்.